முப்பது எண்ணுவதற்குள்

பள்ளங்கி
20.2.2026

அண்ணனுக்கு,

பொங்கல் கழிந்து நீங்கள் போனில் பேசிய பேச்சுக்குப் பிறகு உங்களுக்கு இனி போன் செய்வதில்லை என்று இருந்தேன். அதில் மாற்றம் இல்லை. போனில் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீங்கள் மூன்று சொல்லிவிடுவீர்கள். தாளில் யாரும் குறுக்கே விழ முடியாது, அதனால் எழுதுகிறேன். காரட் வண்டி நல்லசாமி அண்ணன் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் பழனியில் உங்கள் கடையில் இதைக் கொடுப்பார். பதில் எழுத மனமிருந்தால் அவர் திரும்பும்போது கொடுத்தனுப்புங்கள். இல்லாவிட்டால் ஒரு டீ மட்டும் வாங்கிக் கொடுத்து அனுப்புங்கள்.

கல்யாணத்துக்கு நீங்கள் உங்கள் கையால் பூட்டிக் கொடுத்த கம்ப்யூட்டர் கெட்டுக் கிடக்கிறது. முதலில் ஓடிக்கொண்டிருக்கும்போதே பட்டென்று அணைந்து தானாகவே மறுபடி வந்தது. பிறகு நீலத் திரை வந்து இங்கிலீஷில் வருத்தம் தெரிவித்தது. நேற்றிலிருந்து அதுவும் இல்லை. பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, மானிட்டர் கறுப்பாகவே நிற்கிறது, பெட்டிக்குள்ளிருந்து நீளமாகக் கூவுகிறது. கொடைக்கானலில் ஒரு கடையில் கேட்டேன். அந்த ஆள் பெட்டியைப் பார்க்காமலேயே, "ஃபார்மேட் போட்டாச் சரியாயிரும் மேடம்" என்றார். நான் திரும்பி வந்துவிட்டேன்.

உள்ளே இருப்பது அழியக் கூடாது. அதில் பாப்பா கவிநிலாவின் வீடியோ இருக்கிறது. நீங்கள் மனப்பிரமை என்று சொன்னீர்களே, அதே விஷயம்தான்.

மறந்திருந்தால் மறுபடி சொல்கிறேன், இந்த முறை முழுதாக. பாப்பாவுக்குத் திடீரென்று இடது கை விறைத்து மேலே போகிறது. கண் இரண்டும் ஒரு பக்கமாக ஒதுங்குகிறது. கூப்பிட்டால் திரும்புவதில்லை. பயத்தில் நான் வாய்விட்டு எண்ணுவேன். முப்பது எண்ணுவதற்குள் திரும்பிவிடும், ஒன்றும் நடக்காத மாதிரி என்னைப் பார்த்துச் சிரிக்கும். இது இதுவரை சில தடவைதான் வந்தது. ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் நான் மட்டும்தான் இருந்தேன். அவர் வருவதற்குள் முடிந்துவிடும். "தூக்கக் கலக்கத்துல பிள்ளைக கைய ஒதறும்ல, ஆட்டுக்குட்டிகூட அப்படித்தான் செய்யும்" என்கிறார். மதுரையில் டாக்டர் தலைக்கு ஒயர் வைத்துச் சோதனை செய்தார். அதில் ஒன்றும் காணோம். குடும்பத்தில் யாருக்காவது இப்படி உண்டா என்று கேட்டார், இரண்டு பக்கமும் இல்லை என்றேன். "அடுத்த தடவை வரும்போது வீடியோ எடுத்துட்டு வாங்கம்மா, கண்ணால பாக்காம இத்தனூண்டு பிள்ளைக்கு மருந்து எழுத எனக்கு மனசு வரல" என்றார். மார்ச் பன்னிரண்டு, வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.

போனை எடுப்பதற்குள் முடிந்துவிடுகிறது என்பதால் ஒரு கேமரா வாங்கித் தொட்டிலுக்கு மேலே கட்டி, நாள் முழுக்கக் கம்ப்யூட்டரில் பதிவாகிற மாதிரி வைத்தேன். இரண்டு தடவை வசமாகச் சிக்கியது. அதற்குப் பிறகுதான் இது படுத்தது.

மிஷினைக் கீழே அனுப்பமாட்டேன். அது இங்கே ஓடினால்தான் அடுத்ததும் பதிவாகும். என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் எழுதுங்கள், நானே செய்துகொள்கிறேன்.

ஜெயப்பிரியா

*

பழனி
22.2.2026

தங்கச்சி பிரியாவுக்கு,

உன் வாழ்க்கையில் முதல் தடவையாக என்னை 'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். நல்லசாமி அண்ணன் கொடுத்ததும் கவரைத் திருப்பிப் பார்த்தேன், வேறு யார் வீட்டுக் கடிதமோ என்று. டீ வாங்கிக் கொடுத்தேன். வடையும் சேர்த்துத்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். ஃபார்மேட் போடாதே. யார் சொன்னாலும் போடாதே. திரையில் 'ரீசெட்' என்று கேட்டாலும் சரி என்று சொல்லாதே. கூவுவது நல்லது, அது வாயைத் திறந்து தன் வலியைச் சொல்கிறது என்று அர்த்தம். நீளமாக, விட்டு விட்டுக் கூவினால் பெரும்பாலும் ரேம்தான். ப்ளக்கைப் பிடுங்கு. பிடுங்கிய பிறகும் பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடி, உள்ளே தங்கிய கரண்ட் போகட்டும். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினால் நட்டமாக நிற்கும் இரண்டு பச்சை அட்டை தெரியும், அதுதான் ரேம். இரண்டு ஓரத்திலும் உள்ள காதை விலக்கினால் தானே மேலே வரும். அடியில் தங்க நிறத்தில் பல் வரிசை இருக்கும். அதைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய். விரல் படக் கூடாது. ஒன்றை மட்டும் மாட்டிப் போட்டுப் பார், பிறகு மற்றதை. கிளிக் என்று சத்தம் வரும்வரை அழுத்து, பயந்துகொண்டு தடவிக்கொடுக்காதே.

வந்துவிட்டால் வேறு எதையும் தொடாமல் அந்த வீடியோவை மட்டும் பென் டிரைவில் ஏற்று.

மற்றதைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை. நீதான் குறுக்கே பேச வேண்டாம் என்றாயே.

செல்வமுருகன்

*

பள்ளங்கி
24.2.2026

அண்ணனுக்கு,

கிளிக் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையிடம் ரப்பர் கடன் வாங்கினேன். தேய்த்ததில் ரப்பர் கறுத்துப் பிசுபிசு என்று ஆகிவிட்டது, அந்தப் பிள்ளை திருப்பி வாங்கமாட்டேன் என்கிறது. இரண்டாவது அட்டையை மாட்டியதும் கூவல் நின்று திரையில் வெளிச்சம் வந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் வாசலில் பூண்டுக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்து, "எல்லாம் சரியாப் போச்சா" என்றார். சரியாப் போச்சு என்றேன். வாய் வைத்திருக்கக் கூடாது.

பென் டிரைவைச் செருகினேன். வீடியோ பெரியது, மெதுவாக ஏறியது. பச்சைக் கோடு பாதிக்கு மேல் போய்விட்டது. நான் கோட்டையே பார்த்துக்கொண்டு தரையில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தேன். முழுவதும் அணைந்துவிட்டது. ஊரில் கரண்ட் இருக்கிறது, லைட் எரிகிறது, இது மட்டும் அணைந்தது. கை வைத்தால் பெட்டி கொதிக்கிறது. கொஞ்சம் ஆற விட்டுப் போட்டால் வருகிறது, சக்கரம் சுற்றுகிறது, மறுபடி செத்துவிடுகிறது. ஒவ்வொரு தடவையும் முந்தினதை விடச் சீக்கிரம்.

கேள். நான் அப்படி மேசைக்கு அடியில் தலையைக் கொடுத்துக்கொண்டிருந்தபோது பின்னால் தொட்டிலில் சத்தம் இல்லை. எப்போதும் தன்பாட்டுக்கு ஏதாவது பேசிக்கொண்டிருப்பவள். திரும்பினேன். கை மேலே போயிருந்தது. கேமரா இருக்கிறது, அது பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது, பதிய மிஷின் இல்லை. நான் எண்ணினேன். இருபத்தாறில் திரும்பினாள். ஆனால் நான் திரும்பிப் பார்ப்பதற்கு முன்னால் எத்தனை போனது என்று யாருக்குத் தெரியும்.

அவருடைய அக்கா, சின்னத்தாயி மதினி, பக்கத்து வீடுதான், என் சத்தம் கேட்டு ஓடி வந்தார். அவர் வருவதற்குள் பாப்பா சிரிக்கிறாள். "நல்லாத்தான இருக்கா. ஒனக்குப் பயமா இருந்தா அடுத்த தடவ கையில ஒரு இரும்புச் சாவியக் குடு. நின்னுரும்" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீ மொதல்ல ஒருவாய் சோறு தின்னு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பன்னிரண்டாம் தேதிக்கு நான் எதைக் கொண்டுபோவேன்? பாதி ஏறிய ஃபைல் திறக்கவில்லை. அதையும் பார்த்துவிட்டேன். நீ எதையாவது எழுது. வெரசா எழுது.

பிரியா

*

பழனி
25.2.2026

பிரியா,

இன்றே நல்லசாமி அண்ணனிடம் இதைக் கொடுக்கிறேன், படித்ததும் செய்.

சாவி எதுவும் கையில் கொடுக்க வேண்டாம். யார் சொன்னாலும் வேண்டாம். வாயில் கரண்டியோ விரலோ வைக்காதே. தண்ணீர் புகட்டாதே. ஒருக்களித்துப் படுக்க வை, கழுத்துப் பட்டனைத் தளர்த்து, கையைப் பிடித்து நிறுத்தப் பார்க்காதே. அது தானாகத்தான் இறங்கும். ஐந்து நிமிடத்தைத் தாண்டுகிற மாதிரி இருந்தால் மதுரைத் தேதியெல்லாம் பார்க்காமல் கொடைக்கானல் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடு. மாப்பிள்ளையிடம் பைக்கில் எப்போதும் பெட்ரோல் வைத்திருக்கச் சொல்.

மிஷினை இனிப் போடாதே. ஒவ்வொரு தடவை அது செத்து எழும்போதும் ஹார்ட் டிஸ்க் அடி வாங்குகிறது. பெட்டியை அப்படியே அனுப்பு. பழைய சாக்கில் சுற்றி, வண்டியில் முன் சீட்டில் வைக்கச் சொல், காரட் மூட்டைக்கு நடுவில் வேண்டாம். அதில் இருப்பதை எடுத்துத் தருவது என் பொறுப்பு.

செல்வமுருகன்

*

பள்ளங்கி
26.2.2026

அண்ணா,

பெட்டி வருகிறது. கடிதத்தையும் சாக்குக்குள்ளேயே வைத்திருக்கிறேன். நல்லசாமி அண்ணன் சீட் பெல்ட் போட்டுக் கூட்டி வருவதாகச் சொன்னார். "கொண்டை ஊசி வளைவுல நான் பிரேக்கே போட மாட்டேன்மா" என்று ஆறுதல் வேறு. போடுங்கண்ணே என்று கெஞ்சினேன்.

மேசைக்கு அடியில் காலியாகத் தூசிச் சதுரம் ஒன்று இருக்கிறது. பெட்டி இல்லாததால் கேமராவும் சும்மா தொங்குகிறது. இப்போது நான்தான் கேமரா. குளிக்கப் போனால் கதவைப் பாதி திறந்து வைக்கிறேன். காலையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். எத்தனை பல் உரித்தேன் என்று தெரியவில்லை. விதைக்கு எடுத்து வைத்ததையும் சேர்த்து உரித்துத் தள்ளிவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தோலைக் கூட்டி அள்ளிக்கொண்டு போனார். அவர் எதுவும் சொல்லாததுதான் பயமாக இருக்கிறது. இவளை எங்கே கூட்டிக்கொண்டு போய்க் காட்டலாம் என்று என்னைப் பற்றியே யோசிக்கிறாரோ என்று தோன்றுகிறது.

உனக்கு ஒன்று சொல்ல மறந்தேன், மிஷினின் நோய்க்குக் காரணம் கண்டுபிடிக்க உதவுமா பார். ஃபேன் சத்தத்தில் பாப்பா விழித்துக்கொள்கிறாள் என்று பெட்டியின் மேல் கம்பளி போர்த்தி வைத்திருந்தேன். பனிக்கும் நல்லது என்று நினைத்தேன்.

இன்னொன்று. சாவி கூடாது, ஒருக்களித்துப் படுக்க வை, ஐந்து நிமிடம், இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்? டாக்டர்கூட இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

வீடியோ 'கவி' என்ற ஃபோல்டரில் இருக்கிறது. எடுத்ததும் நீ பார்ப்பாய். பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று சொல்வதாக இருந்தால் தயவுசெய்து பார்க்காதே. "ஒனக்குச் சின்னதுலருந்தே எதையாவது நெனச்சுப் பயப்படுறதே சோலி, பிள்ளைய நிம்மதியா விடு" என்று நீ சொன்னது இன்னும் காதில் கிடக்கிறது. வேறு யார் சொல்லியிருந்தாலும் இவ்வளவு நாள் தங்கியிருக்காது.

பிரியா

*

பழனி
1.3.2026

பிரியா,

கொடைக்கானல் மலையில் சூடு தாங்காமல் செத்த முதல் கம்ப்யூட்டர் உன்னுடையதாகத்தான் இருக்கும்.

தகட்டைக் கழற்றியதும் கடை முழுக்கக் கோயில் வாசம். பக்கத்துப் பூக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, இன்னைக்கு விசேசமா" என்றார். பாப்பாவைக் குளிப்பாட்டித் தினமும் சாம்பிராணி போடுகிறீர்கள் அல்லவா, அந்தப் புகையை உன் மிஷினும் தினம் மூச்சில் இழுத்திருக்கிறது. புகைப் பிசின் உள்ளே எல்லா இடத்திலும் படிந்து, அதன் மேல் நீ உரித்த பூண்டுத் தோல் பறந்து போய் ஒட்டி, பிராசசருக்கு மேலே காற்றுப் போகிற சந்து முழுக்க ஒரு சுடிதார் துணி கனத்துக்கு மெத்தை. அதற்கு மேல் நீ கம்பளி வேறு. தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அது அணைந்திருக்கிறது. ரேமின் பல்லில் கறுப்பாக வந்ததும் அதே பிசின்தான். துலக்கி, பிராசசருக்குச் சூடு கடத்துகிற பேஸ்ட் வைத்து, ஃபேனை மாற்றிவிட்டேன். இப்போது நாள் முழுக்க ஓடுகிறது. சாம்பிராணியைப் பாப்பா மூச்சுக்கும் கொஞ்சம் குறைக்கச் சொல். மதினி கோபித்துக்கொண்டால் என் பேரைச் சொல்.

ஹார்ட் டிஸ்க்தான் கொஞ்சம் தகராறு. கழற்றி என் மிஷினில் மாட்டியிருக்கிறேன். சில இடங்களில் தடுக்கித் தடுக்கிப் படிக்கிறது. பொறுமையாகத்தான் எடுக்க வேண்டும். எடுத்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் பார்க்கவில்லை.

நீ கேட்டதற்குப் பதில்: யூடியூப்.

செல்வமுருகன்

*

பள்ளங்கி
4.3.2026

அண்ணா,

நல்லசாமி அண்ணன் திங்கள் வெறுங்கையோடு வந்தார். செவ்வாயும் வந்தார். இன்று வண்டிச் சத்தம் கேட்டு நான் ரோட்டுக்கே போய் நின்றேன். "தம்பி கடை சாத்திருக்கும்மா" என்றார். கடையை நீ எதற்குச் சாத்தினாய்? அப்பா செத்த மறுவாரமே திறந்தவன் நீ.

ஒன்று, வீடியோ போய்விட்டது, எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இருக்கிறாய். அல்லது பார்த்துவிட்டாய்.

எதுவென்று மட்டும் சொல். ஒரு சொல் போதும். நல்லசாமி அண்ணனிடம் வாயால் சொன்னாலும் போதும்.

பிரியா

*

பழனி
5.3.2026

பிரியா,

பார்த்தேன். பார்க்கவில்லை என்று எழுதிய அன்றே பார்த்துவிட்டேன். இரண்டும் முழுதாகக் கிடைத்துவிட்டன. பென் டிரைவ் இரண்டில் ஏற்றியிருக்கிறேன், ஒன்று இத்துடன் வருகிறது, இன்னொன்று என்னிடம் இருக்கும். பத்திரம்.

நீ சொன்னது உண்மை. கை, கண், கூப்பிட்டால் திரும்பாதது எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. உன் பிள்ளையை நீ சரியாகத்தான் பார்த்திருக்கிறாய். இதை முதலில் எழுதிவிடுகிறேன், மீதியைப் படிக்கும்போது நீ இதை மறந்துவிடக் கூடாது.

டாக்டரிடம் குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்று சொன்னாயே, அது தப்பு. எனக்கு இருந்தது.

மூன்று வயதில் தொடங்கி பதினொன்று வரை. நீ என்னைவிட ஐந்து வயது சின்னவள், உனக்குத் தெரியக் கூடாது என்று அம்மா கண்ணும் கருத்துமாக இருந்தாள். பொம்பளப் பிள்ளை வெளியே போய்ச் சொல்லிவிடும், நாளைக்கு இவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள், உன்னை யார் கட்டுவார்கள் என்று பயம். வந்துவிட்டால் அம்மா உடனே உன்னைத்தான் வெளியே அனுப்புவாள். அதனால் உனக்குத் தெரியாமலே போனது. மதுரைக்கு மாதாமாதம் போய் மாத்திரை வாங்கி வருவோம், உன்னிடம் கண்ணுக்குக் காட்டப் போகிறோம் என்போம்.

அது வெளியே பார்க்க எப்படி இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும் என்றால், அய்யம்பாளையம் பள்ளிக்கூடத்தில் ஒருவன் எனக்கு வந்ததை இன்டர்வெலில் எல்லோருக்கும் நடித்துக் காட்டினான். இடது கையை இப்படி மேலே தூக்கி, கண்ணை ஒரு பக்கம் தள்ளி. எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகுதான் அப்பா என்னை வத்தலக்குண்டுப் பள்ளிக்கு மாற்றினார். உன் பிள்ளை வீடியோவில் அதே கையைத் தூக்குகிறது. நான் திரையை அணைத்துவிட்டுக் கடையைச் சாத்தினேன்.

நீ போனில் சொன்னபோதே எனக்குப் புரிந்துவிட்டது. அதனால்தான் உன்னைப் பேச விடவில்லை. நீ சொல்லி முடித்தால் நான் சொல்ல வேண்டிவரும். என்னிடமிருந்துதான் அந்தப் பிள்ளைக்கு வந்ததோ என்று இருந்தது. அப்படித்தானா, வேறா என்று டாக்டர் சொல்லட்டும்.

சுகன்யாவுக்கும் இதுவரை தெரியாது. கட்டி மூன்று வருடம் ஆகிறது. நேற்று உட்கார வைத்துச் சொன்னேன். "அதுக்குத்தான் தலகாணிக்கடியில ஒரு துருப்பிடிச்ச சாவிய வச்சுக்கிட்டுத் தூங்குறீங்களா? நான் வேற எவ வீட்டுச் சாவியோன்னுல்ல இத்தன நாளும் எண்ணிக்கிட்டு இருந்தேன்" என்றாள். பிறகு அழுதாள், பிறகு திட்டினாள். இன்று சோறு போட்டாள். சாவியால் எதுவும் நிற்காது என்று எனக்கு நன்றாகத் தெரியும், அம்மா வைத்துவிட்டுப் போன இடத்தில் இருக்கட்டும் என்று விட்டிருந்தேன்.

வியாழக்கிழமை நான் மதுரைக்கு வருகிறேன். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் உங்களுக்கு முன்னாலேயே நிற்பேன். டாக்டர் மறுபடி அந்தக் கேள்வியைக் கேட்டால் நானே பதில் சொல்லிக்கொள்கிறேன்.

பெட்டியும் புது ஹார்ட் டிஸ்க் போட்டு இதே வண்டியில் வருகிறது. கம்பளி போர்த்தாதே.

செல்வம்

*

பள்ளங்கி
8.3.2026

அண்ணா,

மூன்று கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். ஒன்றில் உன்னைக் கண்டபடி திட்டியிருந்தேன். அதைக் கிழித்ததில் எனக்கு இன்னும் வருத்தம்தான். இரண்டு மாதம், அண்ணா. இரண்டு மாதம் எனக்குத்தான் பைத்தியம் பிடிக்கிறதோ என்று இருந்தேன். நீ ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும்.

அவரிடம் வீடியோவைக் காட்டினேன். பார்த்தார். மறுபடி போடு என்றார். மூன்றாவது தடவை பார்த்துவிட்டு எழுந்து போய்ப் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு காரட் வயல் வரைக்கும் நடந்தார். திரும்பி வந்து, "ஆட்டுக்குட்டின்னு சொன்னேன்ல. செருப்பால அடி என்னை" என்றார். அடிக்கவில்லை. பெட்ரோல் போட்டு வைக்கச் சொன்னேன். மதினியும் பார்த்தார். சாம்பிராணிச் சட்டியைத் தானே எடுத்துக்கொண்டு போய்விட்டார். மாலையில் எனக்குச் சுண்டல் கொண்டுவந்து வைத்தார்.

எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. அம்மா என்னைத் திடீர் திடீரென்று உப்பு வாங்க அனுப்புவாள். "ஓடு, ஓடிப் போய் உப்பு வாங்கிட்டு வா" என்பாள். வீட்டில் ஜாடி நிறைய உப்பு இருக்கும். நான் வாங்கி வந்ததையும் அதிலேயே கொட்டுவாள். கடைக்காரர்கூட, "என்னா பாப்பா, ஒங்க வீட்டுல கருவாடு போடுறீங்களா" என்று கேட்பார். இத்தனை வருடம் அது எதற்கு என்று நான் யோசித்ததே இல்லை. எவ்வளவு உப்பு, அண்ணா. அத்தனை தடவையா உனக்கு வந்தது?

நேற்று மறுபடி வந்தது. மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, பதிவாகியிருக்கிறது. நீ சொன்ன மாதிரியே ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். அவரும் இருந்தார். இரண்டு பேரும் சேர்ந்து எண்ணினோம். இருபத்தொன்பது.

இப்போது உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். டாக்டரால் சொல்ல முடியாது, பாப்பாவால் சொல்ல முடியாது. அந்த நேரத்தில் எப்படி இருக்கும்? வலிக்குமா? பயமாக இருக்குமா? நான் பக்கத்தில் இருக்கிறேன் என்று தெரியுமா?

வியாழன் வரை பொறுக்க முடியாது. நேரில் என்றால் நீ கேலி பண்ணித் தப்பித்துவிடுவாய். எழுது.

பிரியா

*

பழனி
10.3.2026

பிரியா,

இதுவரை இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. டாக்டர்கள் எத்தனை தடவை, எத்தனை நிமிடம் என்றுதான் கேட்பார்கள். அம்மா கேட்கவே மாட்டாள்.

வலிக்காது. இது சத்தியம். முதலில் வாயில் ஒரு ருசி வரும், செப்புக் காசை நக்கின மாதிரி. அது வந்ததும் அம்மாவிடம் ஓடலாம் என்று நினைப்பேன், ஓடத் தொடங்கினது ஞாபகம் இருக்கும், போய்ச் சேர்ந்தது ஞாபகம் இருக்காது. அப்புறம் எதுவும் இல்லை. இருட்டுகூட இல்லை. அந்த நேரத்தைப் பற்றி நான் உனக்கு ஒன்றும் சொல்ல முடியாது, ஏனென்றால் நான் அங்கே இல்லை. கம்ப்யூட்டரை வைத்து ஒரு உதாரணம் எழுதினேன், சரியாக வரவில்லை, அடித்துவிட்டேன்.

பயம் போகும்போது இல்லை. திரும்பும்போதுதான். கண் திறந்தால் சுற்றி எல்லோரும் நிற்பார்கள், ஒருவர் முகத்திலும் ரத்தம் இருக்காது, நான் ஏதோ பெரிய தப்புப் பண்ணிவிட்ட மாதிரி பார்ப்பார்கள். யார் அம்மா, இது எந்த வீடு என்று பிடிபடக் கொஞ்ச நேரம் ஆகும். கண்ணுக்கு முன்னால் காதுதான் திரும்பி வரும். சத்தம் எங்கோ தூரத்தில் கிடந்து கிட்டே கிட்டே வரும்.

அதில் முதலில் எனக்குக் கேட்பது என்ன தெரியுமா? நீ உப்புக்குப் போகச் சொன்னால் உடனே போகிற ஆளா. வாசலில் நின்று, சில்லறை குடு, மிட்டாய்க்கும் சேர்த்துக் குடு என்று அடம் பிடிப்பாய். அம்மா என்னைப் பிடித்துக்கொண்டே, "ஏ பிரியா, போடி, ஏ பிரியா" என்று கத்துவாள். எந்த ஊர், எந்த வீடு என்று தெரிவதற்கு முன்னாலேயே, பிரியா என்றால் என் தங்கச்சி என்று எனக்குத் தெரிந்துவிடும். அதைப் பிடித்துக்கொண்டுதான் மீதி எல்லாம் வரும். என் பெயர்கூட அதற்கு அப்புறம்தான்.

உன் வீடியோவில் சத்தம் வைத்துக் கேட்டேன். பதினெட்டு, பத்தொன்பது என்று உன் குரல் நடுங்கிக்கொண்டு போகிறது. எண்களை அந்தப் பிள்ளை எங்கே போய்த் தேடும்.

எண்ணுவதைக் கேமரா பார்த்துக்கொள்ளும். நீ அவள் பேரைச் சொல்லிக்கொண்டே இரு.

செல்வம்